சின்ன ரயிலுக்குக் கருங்கல் சுவர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மாடல் ரயில் லேஅவுட்டில் எஞ்சினும் பெட்டிகளும் பெரும்பாலும் கடையில் வாங்கியவை. அவற்றில் குறை காண்பது கடினம். குட்டு வெளிப்படுவது நாம் கையால் செய்த இடங்களில்தான். அவற்றிலும் முதலில் காட்டிக்கொடுப்பது கல்சுவர். மரம் சரியாக வராவிட்டால் "ஏதோ ஒரு மரம்" என்று பார்ப்பவர் மன்னித்துவிடுவார். சுவர் சரியாக வராவிட்டால், கொத்து வேலை தெரியாதவர்கூட "என்னமோ இடிக்குதே" என்பார். கருங்கல் சுவரைப் பார்க்காமல் நம் ஊரில் யாரும் வளரவில்லை.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது நீலகிரி மலை ரயில் பாதை, அளவு 1:87. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர், உதகமண்டலம் சுமார் 2,203 மீட்டர். இந்த ஏற்றத்தை 46 கிலோமீட்டருக்குள் ஏறி முடிக்கிறது வண்டி. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. அங்கே ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1. ஒரு பக்கம் மலையை வெட்டி, மறுபக்கம் பள்ளத்தாக்கில் கல் அடுக்கித்தான் அந்தப் பாதைக்கு இடம் பிடித்தார்கள். அழகுக்காக அங்கே யாரும் சுவர் கட்டவில்லை. மாடலிலும் இதுதான் அடிப்படை: எதையும் தாங்காத சுவரை வைக்காதீர்கள்.

கீறத் தொடங்கும் முன்

செய்ய வேண்டியவை:

சுவர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். மலைப்பாதையில் இரண்டு வகைச் சுவர்கள் உண்டு. தண்டவாளத்துக்குக் கீழே, பள்ளத்தாக்குப் பக்கம் நின்று பாதையையே தூக்கிப் பிடிப்பது ஒன்று. தண்டவாளத்துக்கு மேலே, மலைப்பக்கம் நின்று மண் சரியாமல் தடுப்பது மற்றொன்று. முதல் வகை உயரமானது, கல்லும் பெரியது, பார்ப்பவர் கண்ணுக்கு முழுதாகத் தெரிவது. இரண்டாவது பெரும்பாலும் குட்டையானது. அதன் காலடியில் மழைநீர் ஓடும் வடிகால் இருக்கும். வகை தெரிந்துவிட்டால் உயரம், கல் அளவு, கறை, பாசி எல்லாமே தானாக முடிவாகிவிடும். தெரியாமல் தொடங்கினால் கடைசிவரை ஊகம்தான்.

சுவரைக் கொஞ்சம் மலைப்பக்கம் சாய்த்து வையுங்கள். மண்ணைத் தாங்கும் கல்சுவரின் முகம் செங்குத்தாக இருப்பது அரிது. மேலே போகப் போக உள்ளே சாயும். 10-க்கு 1 என்று வைத்துக்கொண்டால் 60 மி.மீ. உயரச் சுவருக்கு 6 மி.மீ. சாய்வு. எழுதிப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும். ஆனால் சுவர் சுமை தாங்குகிறது என்று பார்ப்பவரை நம்பவைப்பதில் பாதி வேலையை இந்த 6 மி.மீ. செய்துவிடும்.

அளவைக் கணக்குப் போட்டு ஒரு சீட்டில் எழுதி மேசை மேல் ஒட்டிவையுங்கள். 1:87-ல் 30 செ.மீ. கல் 3.4 மி.மீ.; 45 செ.மீ. கல் 5 மி.மீ.க்குச் சற்று மேல். 5 மீட்டர் சுவர் 57 மி.மீ. 1:160 அளவில் வேலை செய்பவருக்கு அதே 30 செ.மீ. கல் 2 மி.மீ.கூட வராது. சீட்டு கண்முன் இல்லையென்றால் கை தன்னிச்சையாகக் கல்லைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கோட்டை மதிலுக்கு ஆகும் கற்கள் ரயில் பாதையோரம் நிற்கும்.

நீளமான பெட்டியை வளைவில் ஓட்டிப் பார்த்தபிறகே சுவரின் இடத்தைக் குறியுங்கள். வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் தள்ளும். வீட்டு மேசையில் போடும் வளைவு நிஜப் பாதையின் வளைவைவிட எப்போதுமே இறுக்கமானது. அதனால் புகைப்படத்தில் இருக்கும் இடைவெளியை அப்படியே அளவு சுருக்கி வைத்தால் பெட்டி சுவரில் உரசும். பெட்டியின் பக்கவாட்டில் பென்சில் கட்டி மெதுவாகத் தள்ளுங்கள். அது போடும் கோட்டுக்கு வெளியேதான் சுவர்.

செய்யக்கூடாதவை:

தண்டவாளத்தின் அகலத்தை வைத்துச் சுவரின் அளவை முடிவுசெய்யாதீர்கள். இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். நீலகிரி பாதை மீட்டர்கேஜ். 1:87-ல் அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். எளிதில் கிடைப்பதோ 16.5 மி.மீ. அதை மீட்டர்கேஜ் என்று வைத்துக்கொண்டால் அளவு ஏறக்குறைய 1:60 ஆகிவிடும். அதில் தவறில்லை; ஆனால் அப்போது மனித பொம்மை, நிலையக் கட்டடம், கல் எல்லாமே 1:60-க்கு மாற வேண்டும். எந்த அளவு என்பதை ஒருமுறை முடிவுசெய்துவிட்டு அதிலேயே நில்லுங்கள்.

பாறை இருக்கும் இடத்தில் சுவர் கட்டாதீர்கள். கெட்டிப் பாறையை வெட்டிய இடத்தில் நிஜத்தில் சுவர் இருக்காது, பாறையே நிற்கும். லேஅவுட் முழுக்க ஒரே சுவராக ஓடுவதைவிட, கொஞ்சம் பாறை, கொஞ்சம் சுவர், நடுவில் செடி முளைத்த மண்சரிவு என்று விட்டுவிட்டு வந்தால்தான் மலை மலையாக இருக்கும். வேலையும் குறையும்.

வேறு ஊர்ச் சுவரைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். ஃபாலர், நோக் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் அச்சுத்தகடுகள் நேர்த்தியானவை. ஆனால் அவற்றில் பல, அந்த நாட்டுக் கட்டுமான முறையில் சதுரமாகச் செதுக்கிய கற்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதி வயல்வெளிச் சுவர் இன்னொரு ரகம்: சாந்தே இல்லாமல், கல் மேல் கல் அடுக்கி, உச்சியில் பட்டைக் கற்களைக் குத்திட்டு நிறுத்தியிருப்பார்கள். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலம் நிற்கும் செட்டில்–கார்லைல் பாதையை நீங்கள் செய்கிறீர்கள் என்றால் அதுதான் சரி. நீலகிரி பாதையின் ஹில்குரோவ் நிலையத்தை ஒட்டி அதை வைத்தால் தெரிந்தவர் சிரிப்பார்.

எதில் செய்வது

சுவரின் முகத்துக்கு என் முதல் தேர்வு எக்ஸ்.பி.எஸ். ஃபோம் அட்டை. கூரை வெப்பம் தடுக்க விற்கிறார்களே, வெளிர்நீலத்திலோ இளஞ்சிவப்பிலோ, அதுதான். மணி மணியாக உதிராது; மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். அது கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு வாங்கி, ஒரு பக்கக் காகிதத்தை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்துவிடுங்கள். வாங்கும்போதே ஒரு மூலையை உரித்துப் பாருங்கள். சில வகைகளில் காகிதம் உரியவே உரியாது.

தெர்மகோலைச் சுவரின் முகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். விலை மலிவு, தெருமுனையிலேயே கிடைக்கும். ஆனால் கோடு கீறினால் மணி பிய்ந்து வரும். மலையின் உள்வயிற்றை நிரப்ப அது போதும்.

காகித அட்டையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இங்கிலாந்தில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பென்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. ராய் இங்லண்ட் என்பவர் தொடங்கியது. அங்குள்ள மாடல் வீடுகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் பெரும்பாலானவை அட்டையில் கீறி, நீர்வண்ணம் தீட்டியவை. பொருளைவிடப் பொறுமைதான் அங்கே வேலை செய்திருக்கிறது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்க்கிறீர்களா? அப்படியானால் சில விதிகளில் சமரசமே கிடையாது. தண்ணீரில் பவுடரைத் தூவுங்கள். பவுடரில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கட்டி தட்டும். கன அளவில் இரண்டு பங்கு பவுடருக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று தொடங்கிப் பாருங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்த பழைய மூட்டையை நம்பாதீர்கள். ஈரம் குடித்த பவுடர் இறுகாது, இறுகினாலும் பொடியும். ஒரு கரண்டி கலந்து சோதித்த பிறகே அச்சில் ஊற்றுங்கள். மீந்த கலவையைக் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் போய் இறுகிவிடும். வாளியிலேயே இறுகவிட்டு, உடைத்துக் குப்பையில் போடுங்கள். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும் என்பதால் குழந்தைகள் விளையாட்டாகக் கையை அதற்குள் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; தீக்காயம் வரை போகக்கூடும்.

ஒரே சிலிக்கான் அச்சில் வார்த்த துண்டுகளை வரிசையாக ஒட்டாதீர்கள். எல்லாக் கல்லும் பொதுவாக இருக்கும். ஒரே ஒரு கல் மட்டும் விசித்திர வடிவில் இருக்கும். அந்தக் கல் 12 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்து மானத்தை வாங்கும். துண்டுகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டுங்கள். வெட்டும்போது நேர்கோட்டில் வெட்டாமல் கல்லின் ஓரத்தை ஒட்டி வளைந்து வளைந்து வெட்டினால் இணைப்பு தெரியாது. அந்த விசித்திரக் கல்லைக் கத்தியால் சீவி இரண்டாக்கிவிடுவது இன்னும் நல்லது.

நிஜக் கல்லை உடைத்து ஒட்டலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். கனம் ஒரு காரணம். பெரிய காரணம், நிஜக் கல் மாடலில் பொய்யாகத் தெரியும் என்பது. கருங்கல்லில் 3 மி.மீ. அகலத்தில் பளபளக்கும் ஒரு படிகம் 1:87 கணக்கில் 26 செ.மீ. ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட கல் எந்த மலையிலும் இல்லை. உடைத்துத் தேய்க்கும்போது கிளம்பும் கல்தூசு நுரையீரலுக்கும் கேடு.

கல் கீறுதல்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். செலவழித்ததற்குப் பலனும் இங்கேதான் தெரியும்.

செய்ய வேண்டியவை:

கொத்தனார் அடுக்கும் வரிசையிலேயே கீறுங்கள். கீழிருந்து மேலே, ஒவ்வொரு கல்லாக. பெரிய கற்கள் அடியில், போகப் போகச் சிறியவை. மூலைகளை முதலில் முடியுங்கள். அங்கே நீளக்கல்லும் குட்டைக்கல்லும் மாறி மாறி வர வேண்டும். முகப்பில் நீளமாகத் தெரியும் கல், திரும்பிய பக்கத்தில் குட்டையாகத் தெரிய வேண்டும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கீறிவிட்டுப் பிறகு மூலையில் ஒட்டினால் கோடுகள் சேராது. முதலில் ஒட்டி, மூலை காய்ந்தபின் இரண்டு பக்கமும் சேர்த்துக் கீறுங்கள்.

கல்லைப் படுக்கவையுங்கள். உடைகல் சுவரில்கூடக் கல் தன் அகலப் பக்கத்தில்தான் உட்காரும், நின்றுகொண்டிருக்காது. ஆகவே பெரும்பாலான கற்களுக்கு உயரத்தைவிட அகலம் அதிகம். இந்த ஒரு விதி தெரியாமல் கீறுகிறவர்கள் ஐங்கோணம், அறுகோணம் என்று போட்டு நிரப்பிவிடுகிறார்கள். அது முற்றத்துத் தரையில் பதித்த கல்லாக இருக்குமே தவிர, சுவராக இருக்காது. தரையில் படுத்த கல்லுக்கு மேலே சுமை இல்லை, எந்த வடிவும் செல்லும். சுவர்க் கல்லுக்கு மேலே சுமை இருக்கிறது.

ஒரு செங்குத்து இணைப்புக்கு நேர் மேலே இன்னொரு செங்குத்து இணைப்பு வராமல் பாருங்கள். அப்படி மூன்று நான்கு வரிக்கு நேராகப் போய்விட்டால், நிஜத்தில் சுவர் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

பெரிய கற்களின் இடுக்கில் சில்லுகளை வையுங்கள். கொத்தனார் கல்லை ஆட்டம் இல்லாமல் உட்காரவைக்கச் சில்லு செருகுவார். 1 மி.மீ. அகல முக்கோணங்கள் ஆங்காங்கே போதும். நிறைய வைத்தால் அதுவே கோலமாகிவிடும்.

நீர் வடியும் துளைகளை மறக்கவே மறக்காதீர்கள். நீலகிரியில் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது மண்சரிவால் ரயில் நிற்பது அடிக்கடி நடப்பது. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தைக் குறைக்கத்தான் அந்தத் துளைகள். வழக்கமாக 10 செ.மீ. விட்டம், ஒரு மீட்டர் இடைவெளி, ஒரு வரிசை விட்டு மறு வரிசை தள்ளித் தள்ளி. 1:87-ல் 1 மி.மீ. துரப்பணம், 11 மி.மீ. இடைவெளி. ஒரு ஊசியைச் சூடாக்கிக் குத்தினாலும் சரி. துளை போட்ட மறுநொடி, வெறும் கீறல் பலகையாக இருந்தது ரயில்வே கட்டிய சுவராகிவிடும். இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தரும் வேலை இந்தக் கலையில் வேறு இல்லை.

கீறி முடித்ததும் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி முகமெங்கும் லேசாக அழுத்துங்கள். கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். பிறகு சில கற்களை விரல் நுனியால் சற்று உள்ளே அமுக்குங்கள். மற்றவை துருத்தி நிற்கும்.

செய்யக்கூடாதவை:

ஏற்றத்தில் போகும் பாதைக்குச் சுவரின் வரிகளையும் சாய்க்காதீர்கள். மலை ரயில் மாடல்களில் அதிகம் பார்க்கும் பிழை இது. கடையில் வாங்கிய கல்தகட்டைத் தண்டவாளத்துக்கு இணையாகச் சாய்த்து ஒட்டிவிடுவார்கள். எல்லாக் கல்லும் பள்ளத்தாக்கை நோக்கி வழுக்கிப் போவது மாதிரி இருக்கும். தாங்குசுவரில் கல்வரிகள் மட்டமாகத்தான் ஓட வேண்டும். அடித்தளம் படிப்படியாக ஏறும். உச்சி மட்டும் பாதையோடு சாயும். 12-க்கு 1 ஏற்றத்தில் அரை மீட்டர் நீளச் சுவருக்குள் பாதை 4 செ.மீ. ஏறிவிடுகிறது. அதாவது கீழ்முனையில் இல்லாத பத்துப் பன்னிரண்டு வரிகள் மேல்முனையில் கூடியிருக்கும். அந்த வரிகள் உச்சிக்கோட்டில் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு முடிவது கண்ணில் பட வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன மட்டப்பலகை வைத்துக்கொண்டு கீறுங்கள்.

இணைப்புகளை அகலமாக்காதீர்கள். 2 செ.மீ. சாந்து இணைப்பு 1:87-ல் கால் மி.மீ.கூட இல்லை. பேனா முனையே அதைவிடப் பெரியது. அதனால் ஒருமுறை மட்டும், மெல்ல இழுங்கள். ஆழம் வேண்டுமென்றால் கூர்மையான கத்தியால் முதலில் கீறி, பிறகு பேனாவால் தடவுங்கள்.

பழைய சுவரில் துருத்திய சிமென்ட் பூச்சு போடாதீர்கள். கல் இடுக்குகளுக்கு மேல் சிமென்டைக் கயிறு போலத் துருத்திப் பூசுவது பிற்காலப் பழுதுபார்ப்பில் வருவது. மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இல் திறக்கப்பட்டது. உதகை வரை 1908-இல் போனது. பழைய பகுதிக்கு உள்வாங்கிய இணைப்பு, நடுவில் ஒரு முழம் மட்டும் புதிய பூச்சு என்று வைத்தீர்களானால் அந்தச் சுவருக்கு வயது வந்துவிடும். சரிந்த இடத்தைக் கான்கிரீட்டால் ஒட்டுப்போட்டதாகவும் காட்டலாம்.

இன்றைய காட்சியைச் செய்கிறவருக்கு இன்னொரு வழி, கம்பிவலைப் பெட்டிகளில் கல் நிரப்பி அடுக்கும் சுவர். மலைச்சாலைகளில் பார்த்திருப்பீர்கள். பொதுவாகக் காணும் பெட்டி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். அதாவது 23 × 11.5 × 11.5 மி.மீ. ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையின் கண் ஏறக்குறைய சரியான அளவு. உள்ளே சலித்த மணலின் பருமனான பகுதியை நிரப்புங்கள். நீராவி எஞ்சின் மட்டும் ஓடிய பழைய காலத்து லேஅவுட்டில் இதை வைக்க வேண்டாம்.

ஒட்டுதலும் வண்ணமும்

ஃபோமுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். ரப்பர் பசை, சாதாரண சூப்பர் குளூ, ஸ்பிரே பெயின்ட் மூன்றும் ஃபோமின் எதிரிகள். அவை கல்லைக் கண்முன்னே அரித்துத் தின்றுவிடும். ஸ்பிரேதான் வேண்டுமென்றால், கறுப்பு அக்ரிலிக்கையும் ஃபெவிகாலையும் கலந்து முழுதாக ஒரு கோட்டிங் கொடுத்து மூடிவிட்டு, காய்ந்தபிறகு அடியுங்கள். சூடான கம்பியால் ஃபோமை வெட்டும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள். அந்தப் புகை ஆகாது.

மைதாப் பசை காய்ச்சி ஒட்டாதீர்கள். போஸ்டருக்குச் சரி. லேஅவுட்டில் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வரும்.

சுவரை முதலில் நிறுத்தி, மண்ணைப் பிறகு கொண்டுவந்து சேருங்கள். சுவரின் அடி 2, 3 மி.மீ. மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். தரைக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் சுவர் வைத்த பொருளாகத் தெரியும், கட்டியதாகத் தெரியாது. உச்சியில் மூடுகல் வரிசை ஒன்று, முகத்தைவிட அரை மி.மீ. வெளியே நீட்டி. சுவருக்குத் தடிமனும் வேண்டும்: நிஜத்தில் 40, 50 செ.மீ.க்குக் குறைந்து கருங்கல் கட்டு வராது. மாடலில் 5 மி.மீ.க்குக் குறைந்தால் காகிதத் தட்டி.

வண்ணத்தில் முதல் விதி: கறுப்பை அப்படியே பூசாதீர்கள், சாம்பல் டப்பாவை அப்படியே கவிழ்க்கவும் செய்யாதீர்கள். நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோகைட் வகை. பரங்கிமலை, பல்லாவரம் பகுதியிலும் இதே பாறைதான். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். புதிதாக உடைத்த முகம் நீலம் ஓடிய கருஞ்சாம்பல். வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பு ஏறியது. ஆகவே அடிக்கு ஒரு நடுத்தரச் சாம்பல். அது காய்ந்ததும் ஐந்தில் ஒரு கல்லுக்கு நீலச்சாயல், இன்னொன்றுக்குப் பழுப்பு, அங்கொன்று இங்கொன்றுக்கு வெளிர்சாம்பல். பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறம் வராமல் கலைத்துப் போடுங்கள். சாந்து கல்லைவிட வெளிறியது. ஆனால் வெள்ளை அல்ல.

பிறகு தண்ணீராக்கிய கரும்பழுப்பு வண்ணத்தில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, சுவரைப் படுக்கவைத்து ஓடவிடுங்கள். இடுக்குகளில் போய்த் தங்கும். காய்ந்தபின் சுவரை நிமிர்த்தி நிறுத்தி இரண்டாம் சுற்று: இம்முறை துளைகளுக்குக் கீழே மட்டும், மேலிருந்து கீழே வழிய. துளைக்குக் கீழே கறுத்த ஈரக்கோடு, அதன் ஓரத்தில் பாசிப்பச்சை, சில இடங்களில் சுண்ணாம்பு கசிந்த வெண்கோடு. கடைசியாக, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்சாம்பல் தொட்டுத் துடைத்துவிட்டு, கற்களின் மேல்விளிம்பை மட்டும் தடவுங்கள். இங்கே கை நிற்காது, நிறுத்துங்கள். எல்லா விளிம்பும் வெளுத்தால் சுவர் மாவில் புரண்டு எழுந்தது போலாகும். சுரங்கப்பாதை முகப்பின் வளைவுக்கு மேல் மட்டும் புகைக்கரி தாராளமாக இருக்கலாம். 16 சுரங்கங்கள் உள்ள பாதை, ஒரு நூற்றாண்டு நிலக்கரிப் புகை.

வண்ணத்தை லேஅவுட் வைத்திருக்கும் அறையின் விளக்கிலேயே பாருங்கள். மொட்டைமாடி வெயிலில் சரியாக இருந்த சாம்பல், மஞ்சள் பல்பின் கீழ் சேறாகிவிடும்.

நிஜப் பாசியைப் பிடுங்கி ஒட்டாதீர்கள். காய்ந்து பழுத்து உதிரும். ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பச்சை தோய்த்தால் போதும். மண்ணுக்கு, பயன்படுத்திய தேயிலைத்தூள் நல்ல பொருள். ஆனால் நம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்தே கொதிக்கவிடுவதால், பலமுறை அலசி, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் முதலில் எறும்பு, பிறகு பூஞ்சை.

மாதிரிக்கு நிஜச் சுவர்

நீலகிரி மலை ரயில் 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வண்டி ஏறுகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைப் படம் எடுக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலை வடித்த அந்த எக்ஸ் வகை எஞ்சின்களுக்குப் படம் இல்லாமல் இல்லை. சுவர்களுக்குத்தான் இல்லை. ஒவ்வொரு மழைக்காலமும் சில பழைய சுவர்களைக் கொண்டுபோகிறது. அந்த இடத்தில் கான்கிரீட் வருகிறது.

படம் எடுக்கும்போது அளவு தெரிந்த ஏதாவது ஒன்று சட்டத்துக்குள் இருக்கட்டும்: ஒரு ஆள், ஒரு ஸ்லீப்பர் கட்டை, ஒரு மைல்கல். மேகமூட்டமான நாளில் ஒரு படம், மழைக்குப் பின் ஒரு படம். நிறம் இரண்டும் வேறு வேறு.

இதற்காகத் தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான பாதையில் வண்டி வந்தால் ஒதுங்கவும் இடம் இருக்காது. ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். டீக்கடைப் பக்கம் போவதற்கு முன் நடைமேடையில் நின்றபடியே சுற்றியுள்ள கல்கட்டை நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.